இரண்டு பொருளிலும் ஆசிரியர்: வில்லியம் வூ – ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழில் பத்திரிகையை நடத்துகிறவரும் ஆசிரியர்தான், வகுப்பில் பாடம் சொல்கிறவரும் ஆசிரியர்தான். அமெரிக்காவில் இவை இரண்டு சொற்கள், இரண்டு சம்பளப் பட்டியல்கள், ஒன்றையொன்று சற்று இளக்காரமாகப் பார்க்கும் இரண்டு கூட்டங்கள். செய்தி அறையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மூத்த பத்திரிகையாளர்கள் அங்கே நிறைய. அவர்களில் பலர் பழைய பெருமையைச் சொல்லியே பருவங்களைக் கடத்திவிடுவார்கள். வில்லியம் எஃப். வூ அந்தக் குழியில் விழவில்லை. ஏன் விழவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் எலும்புக்கூடு. 1936-இல் ஷாங்காயில் பிறப்பு. தந்தை சீனர், தாய் அமெரிக்கர். போர் முடிந்தபின் 1946-இல், பத்து வயதில், தாயோடு அமெரிக்கா வந்தார். 1957-இல் கான்சஸ் சிட்டியில் நிருபர். 1962-இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழ். 1974-இல் அதன் தலையங்கப் பக்கத்துக்குப் பொறுப்பு. 1986 முதல் 1996 வரை பத்திரிகையின் ஆசிரியர். அதன்பின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியர். 2006 ஏப்ரல் 12 அன்று, 69 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் மறைவு.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: அமெரிக்கப் பெருநகர நாளிதழ் ஒன்றுக்கு ஆசிரியரான முதல் ஆசிய அமெரிக்கர். உண்மைதான். ஆனால் ‘முதல்’ என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஏறினார், ஏன் இறங்கினார், இறங்கியபின் எதைக் கையில் கொண்டுபோனார் என்ற மூன்றில் ஒன்றையும் விளக்க முடியாது.

மிசூரி – ஷாங்காய் – மிசூரி

உலகின் முதல் இதழியல் பள்ளி 1908 செப்டம்பரில் மிசூரி பல்கலைக்கழகத்தில், கொலம்பியா என்ற சிற்றூரில் திறந்தது. பள்ளி திறந்த அன்றே மாணவர்கள் ஒரு நாளிதழையும் வெளியிட்டார்கள். அது பயிற்சித்தாள் அல்ல. ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய, விளம்பரம் வாங்கிய, தவறு செய்தால் வாசலில் வந்து சண்டை போடக்கூடிய பத்திரிகை. பள்ளியை நிறுவி அதன் டீனாக அமர்ந்த வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படி ஏறாதவர். பத்திரிகை ஆசிரியராக இருந்து அங்கே வந்தவர். பட்டம் இல்லாத பத்திரிகைக்காரர் பேராசிரியர் ஆகலாமா என்ற இன்றைய சண்டையில், அந்தத் துறையின் முதல் டீனுக்கே பட்டம் இல்லை என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன.

இந்தப் பள்ளியின் கிளை வேர்கள் சீனாவுக்கு நீண்டன. மிசூரிக்காரரான தாமஸ் மில்லார்ட் 1911-இல் ஷாங்காயில் சைனா பிரஸ் என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். 1917-இல் அவர் தொடங்கிய வார இதழுக்குக் கைகொடுக்க மிசூரி பள்ளியிலிருந்து ஜே. பி. பவல் வந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பள்ளியில் படித்த அமெரிக்கர்கள் ஷாங்காய்க்கும், சீனர்கள் கொலம்பியாவுக்குமாகப் போய்வந்தபடி இருந்தார்கள். அப்படிக் கொலம்பியாவில் படித்த ஒரு சீன மாணவரும் அமெரிக்க மாணவியும்தான் வூவின் பெற்றோர். தந்தை வூ கியா-டாங் பின்னாளில் அதே சைனா பிரஸின் நிர்வாக ஆசிரியர்.

அவர்கள் சந்தித்த மாநிலத்தில் அந்த மணத்துக்கு இடமில்லை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும், வெள்ளையருக்கும் ‘மங்கோலியருக்கும்’ (அதாவது சீனர் போன்ற கிழக்காசியருக்கும்) இடையிலான திருமணம் செல்லாது என்று மிசூரி சட்டம் சொன்னது. 1967 ஜூனில் உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் இத்தகைய சட்டங்களைத் தூக்கி எறிந்தபோது, அவற்றை இன்னும் ஏட்டில் வைத்திருந்த 16 மாநிலங்களில் மிசூரியும் ஒன்று. வூ போஸ்ட்-டிஸ்பாட்சில் சேர்ந்தது 1962-இல். அதாவது, தன் பெற்றோரின் மணத்தை ஒப்பாத மாநிலத்தில்தான் அங்கே அவருடைய முதல் சில ஆண்டு வேலை கழிந்தது.

ஆகவே ‘குடியேறி வந்து பத்திரிகைக்காரர் ஆனார்’ என்று இவரைச் சொல்வதில் பாதிதான் சரி. பத்திரிகைத் தொழில் மிசூரியிலிருந்து கப்பலேறி ஷாங்காய் போய், ஒரு பையனோடு திரும்பி வந்தது என்பது மீதிப் பாதி.

நிருபர் மேசை

கான்சஸ் சிட்டியில் காலைப் பத்திரிகை டைம்ஸ், மாலைப் பத்திரிகை ஸ்டார். இரண்டும் ஒரே நிறுவனம். வூ கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். நிருபர் வேலையில் சேர்ந்தபோது வயது இருபது. ஸ்டாரின் நடைக் கையேடு அப்போதே புகழ்பெற்றது: 110 விதிகள், முதல் விதியே வாக்கியத்தைக் குட்டையாக வை என்பது. 1917–18-இல் ஆறேழு மாதம் அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் ஹெமிங்வே இந்தக் கையேட்டைப் பின்னாளில் புகழ்ந்தார் என்பதால் அதற்கு அளவுக்கு மீறிய மரியாதையும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கால அமெரிக்கச் செய்தி அறையில் புதிய நிருபருக்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது. மரணச் செய்தி, போலீஸ் பதிவேடு, ரோட்டரி கூட்டம். இவற்றில் மரணச் செய்திதான் நல்ல பள்ளிக்கூடம். பெயரின் எழுத்து, நடு முதலெழுத்து, வயது, தெருவின் எண், எஞ்சியிருப்போர் பட்டியல் என ஆறேழு விவரங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தவறாகப் போகலாம், தவறினால் ஒரு குடும்பம் முழுவதும் கவனிக்கும். தொலைபேசியில் வந்த தகவலை அப்படியே எடுக்கக் கூடாது. இறுதிச் சடங்கு நடத்தும் நிலையத்தின் எண்ணை, அழைத்தவர் சொன்னபடி அல்லாமல், டைரக்டரியில் தேடி எடுத்துத் திரும்ப அழைக்க வேண்டும். உயிரோடு இருக்கும் ஆளுக்குக் குறும்புக்காக மரணச் செய்தி போட வைப்பது எல்லா ஊரிலும் நடந்த விளையாட்டு. வயதைக் கேட்காதே, பிறந்த தேதியைக் கேட்டு நீயே கழித்துப் பார் என்பது இன்னொரு பாடம். துக்க வீட்டில் வயதை ஒன்று கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். தேதி அவ்வளவாகப் பிசகாது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், பிற்காலத்தில் வகுப்பறைக்கு மாற்றக்கூடிய சரக்கு இந்த மட்டத்தில்தான் இருக்கிறது. ‘உண்மையைத் தேடு’ என்று மாணவருக்குச் சொல்லி ஒரு பயனும் இல்லை. எண்ணை நீயே தேடித் திரும்ப அழை என்று சொன்னால் அன்று மாலையே செய்து பார்ப்பார்.

போஸ்ட்-டிஸ்பாட்சில் வூ சிறப்புக் கட்டுரைக்காரராக நுழைந்தார். புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுக்கு மூன்று முறை போனார், பரிசு வரவில்லை. 1966–67-இல் ஹார்வர்டின் நீமன் உதவித்தொகையில் ஓராண்டு. இந்த ஆண்டைத் தாண்டிப் போகக் கூடாது. தேர்வில்லை, பட்டமில்லை, வேலை செய்யும் பத்திரிகையாளர் தனக்கு வேண்டிய வகுப்பில் உட்காரலாம், ஓராண்டு கழித்துத் தன் பத்திரிகைக்குத் திரும்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. வூவின் அதே அணியில் ஃபிலிப் மேயர் இருந்தார். மேயர் அந்த ஆண்டில் புள்ளியியலும் சமூக அறிவியல் ஆய்வு முறையும் படித்தார். படிப்பு முடிந்த கையோடு 1967 கோடையில் டெட்ராய்ட்டில் கலவரம் வெடித்தது. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸுக்காக 437 கறுப்பின மக்களை முறையாகத் தேர்ந்து பேட்டி எடுக்க வைத்தார். படிக்காதவர்கள்தான் கலவரத்தில் இறங்கினார்கள், தெற்கிலிருந்து புதிதாக வந்தவர்கள்தான் இறங்கினார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த இரண்டையும் அந்தக் கணக்கு பொய்யாக்கியது. ஒரே வகுப்பறையிலிருந்து ஒருவர் எண்ணோடு திரும்பினார், மற்றவர் கட்டுரையோடு. இந்த நட்பு நாற்பது ஆண்டு கழித்து ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

உரிமையாளரின் நிழல்

போஸ்ட்-டிஸ்பாட்சைத் தொடங்கியவரும் குடியேறியவர்தான். ஹங்கேரியில் பிறந்த ஜோசப் புலிட்சர், 1864-இல் உள்நாட்டுப் போருக்குச் சிப்பாயாக வந்து, செயின்ட் லூயிஸில் ஜெர்மன் மொழி நாளிதழின் நிருபராகி, 1878-இல் ஏலத்தில் வந்த டிஸ்பாட்ச் பத்திரிகையை 2,500 டாலருக்கு எடுத்தார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளிக்கு 20 லட்சம் டாலர் ஒதுக்கியவரும் அவரே. நிருபர், ஆசிரியர், இதழியல் பள்ளி என்ற பாதைக்கு அந்த ஊரிலேயே ஒரு முன்னோர் இருந்தார் என்று சொல்லலாம். ஆனால் புலிட்சர் பள்ளிக்குப் பணம் கொடுத்தார், வகுப்பில் நின்று பார்த்ததில்லை.

புலிட்சரின் பேரன் 1955 முதல் 1986 வரை அந்தப் பத்திரிகையின் ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் இருந்தார். 1986-இல் ஆசிரியர் பட்டத்தை வூவிடம் கொடுத்தார். புலிட்சர் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. பன்னிரண்டு ஆண்டு தலையங்கப் பக்கத்தை நடத்திய பிறகு வந்த உயர்வு இது. தலையங்கப் பக்கத்துக்கும் செய்திப் பக்கத்துக்கும் நடுவே அமெரிக்க நாளிதழ்கள் சுவர் வைக்கும்: தலையங்கம் எழுதுகிறவர் நிருபருக்கு உத்தரவிட மாட்டார், நிருபர் தலையங்கக் கூட்டத்தில் உட்கார மாட்டார். சுவரின் ஒரு பக்கத்திலேயே பன்னிரண்டு ஆண்டு இருந்தவர் இருபுறத்துக்கும் தலைவராகும்போது, செய்தி அறை அவரைக் ‘கருத்துக்காரர்’ என்றே பார்ப்பது இயல்பு. உரிமையாளர் முழு நம்பிக்கை வைத்திருக்கும் வரை இந்தப் பார்வையால் ஒன்றும் ஆகாது. நம்பிக்கை வைத்தவர் போய்விட்டால்தான் வினை.

போட்டி அந்தப் பத்தாண்டில் பெரிதாக இல்லை. குளோப்-டெமாக்ரட் 1986-இல் மூடப்பட்டது. 1989 செப்டம்பரில் ஆர்ப்பாட்டமாக வந்த செயின்ட் லூயிஸ் சன், ஏழே மாதத்தில் நின்றது. ஒற்றைப் பத்திரிகை ஊராகிவிட்டால் ஆசிரியருக்குச் சுமை குறையும் என்று நினைப்பது தவறு. எதிரி இருந்தவரை, கேள்வி ‘அவன் போட்டானா, நாம் போட்டோமா?’ என்பது. எதிரி போனபின் கேள்வி உரிமையாளரின் கணக்குப் புத்தகத்திலிருந்து வரத் தொடங்குகிறது.

1993-இல் ஜோசப் புலிட்சரின் பேரன் இறந்தார். நிறுவனம் குடும்பத்தின் அடுத்தவர் கைக்குப் போனது. மூன்று ஆண்டில் வூவும் வெளியே.

விலகி நிற்பதா, இறங்குவதா?

நடுவில் ஒரு கொள்கைச் சண்டை நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘பொதுமக்கள் இதழியல்’ என்ற இயக்கம் பரவியது. அதன் செயல்முறை இப்படி: தேர்தல் வந்தால் வேட்பாளர் எங்கே பேசினார் என்று ஓடாதே, முதலில் வாக்காளர்களிடம் கருத்துக்கணிப்பு எடு, அவர்கள் சொன்ன ஐந்தாறு பிரச்சினைகளை முன்வைத்துத் தொடர் எழுது, வேட்பாளர்களை அவற்றுக்குப் பதில் சொல்ல வை, கடைசியில் ஊர்க் கூட்டமும் நடத்து. 1990 ஆளுநர் தேர்தலில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஈகிள் நாளிதழ் இதை முயன்றது. 1992-இல் ஷார்லட் அப்சர்வர் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்டுத் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரிலோ 1988-லேயே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். அங்கே பத்திரிகை ஆசிரியர் ஜாக் ஸ்விஃப்ட் சுமார் 75 பேரைத் தன் வீட்டுப் பின்கட்டுக்கு விருந்துக்கு அழைத்து, ஊர் முன்னேற்ற அமைப்பு ஒன்று உருவாக வழிசெய்தார்.

1995 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் வூ ஆற்றிய உரை, இந்த இயக்கத்தின் மீது வந்த விமர்சனங்களில் மரியாதையோடு படிக்கப்பட்ட ஒன்று. பத்திரிகைகள் மக்களிடமிருந்து விலகிப் போய்விட்டன என்ற குற்றச்சாட்டை அவர் தள்ளவில்லை. அவர் கேட்டது வேறு: கூட்டத்தைக் கூட்டியதே பத்திரிகை என்றால், அந்தக் கூட்டம் தோற்றுப் போனதை யார் எழுதுவது? எது செய்தி என்ற முடிவு செய்தி அறையில் எடுக்கப்படுமா, கூட்ட அரங்கிலா?

இந்தச் சண்டையில் வூவின் கேள்வி கூர்மையானது என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் அதில் ஒரு பலவீனமும் இருந்தது. விலகி நிற்பது நல்லது என்று சொல்பவர், விலகி நிற்கும் பத்திரிகையிடமிருந்து வாசகரும் விலகிக்கொண்டிருந்தார் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை. எதிர்த்தரப்புப் பதில் வைத்திருந்தது. அது பலித்ததா என்பது வேறு கதை.

1996-இல் வூவின் இடத்துக்கு வந்தவர், அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற கோல் கேம்ப்பெல். அவர் செய்தி அறையைப் பழைய துறைகளாகப் பிரிக்காமல் குழுக்களாக மாற்றிக் கட்டினார். 2000-இல் அவரும் போனார். பின்னர் நெவாடா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கு டீனாகி, 2007 ஜனவரியில் சாலை விபத்தில் இறந்தார். எதிரெதிர் கொள்கை, ஒரே நாற்காலி, இருவருக்கும் அடுத்த வேலை ஒரே தொழில்.

பேராசிரியர் பதவியின் கணக்கு

முனைவர் பட்டம் இல்லாத பத்திரிகையாளரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுக்கும்போது நிரந்தரப் பதவி வரிசையில் வைப்பது அரிது. ‘வருகைதரு’, ‘தொழில்முறை’ போன்ற அடைமொழியோடு தவணை ஒப்பந்தம் போடுவார்கள். சம்பளத்துக்கு ஒரு கொடையாளரின் அறக்கட்டளை. வூவின் பதவியும் அப்படித்தான்: லோரி லோக்கி பெயரிலான, தொழில்முறை இதழியலுக்கான வருகைதரு பேராசிரியர். லோக்கி 1961-இல் பிசினஸ் வயர் என்ற, நிறுவனங்களின் செய்திக்குறிப்பைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் சேவையைத் தொடங்கியவர். செய்திக்குறிப்பை நம்பாதே என்று கற்பிக்கும் வகுப்புக்குச் செய்திக்குறிப்பு வியாபாரத்தில் வந்த பணம். இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனாலும் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தக்க தகவல்.

செய்தி அறையிலிருந்து வருபவர் முதல் பருவத்தில் தடுக்கி விழும் இடம் எது? காப்பி, அதாவது எழுதி வந்த பிரதியை, திருத்துவதில். பத்திரிகையில் தவறான வாக்கியத்தைத் தானே மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்புவார். மறுநாள் பக்கம் சரியாக வரவேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் அதையே செய்தால் கட்டுரை தேறும், மாணவர் தேறமாட்டார். கோடு போட்டு, ஏன் தவறு என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தரவேண்டும். மாணவர் மீண்டும் எழுத வேண்டும். மறுபடி படிக்க வேண்டும். கணக்குப் பாருங்கள்: 15 மாணவர், வாரம் ஆளுக்கு 800 சொல், இரண்டு வரைவு. மொத்தம் 24,000 சொல். ஒரு வரைவுக்கு அரை மணி நேரம் என்றால் வாரம் 15 மணி, வகுப்பு எடுக்கும் நேரம் சேராமல். ஸ்டான்ஃபோர்டில் ஒரு பருவம் பத்து வாரம். நான்காம் வாரத்தில் ஓரக் குறிப்புகள் ‘தெளிவில்லை’, ‘ஆதாரம்?’ என்று சுருங்கத் தொடங்கும். ஏழாம் வாரத்தில் வெறும் மதிப்பெண்.

இரண்டாவது தடுக்கல், கதை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் வாயைத் திறந்தால் கதைதான் வரும். அந்தக் கதையில் சொல்பவர் எப்போதும் சரியாகவே முடிவெடுத்திருப்பார். கேட்கும் மாணவருக்கு அதில் செய்ய ஒன்றும் இருக்காது.

வாரக் கடிதம்

இந்த இரண்டு தடுக்கலையும் வூ கடந்த வழி, கடிதம். மாணவர்களுக்கு வாரந்தோறும் ஒரு கட்டுரைக் கடிதம் எழுதி அனுப்பினார். இது பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. போஸ்ட்-டிஸ்பாட்ச் ஆசிரியராக இருந்தபோதே வாரம் ஒரு பத்திக் கட்டுரை தன் பெயரில் எழுதி வந்தவர். வாசகர் இருந்த இடத்தில் இப்போது மாணவர். நிருபர், தலையங்கக்காரர், ஆசிரியர், பேராசிரியர் என்று பதவி மாறியபோதெல்லாம் மாறாத ஒரே வேலை, கெடுவுக்குள் எழுதுவது.

பேச்சில் தப்பிக்கும் பெருமை எழுத்தில் மாட்டிக்கொள்ளும். எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை படித்தாக வேண்டும். அந்த ஒருமுறையில் பாதி வீரதீரம் உதிர்ந்துவிடும். தாளில் இருப்பதை மாணவர் அடுத்த வாரம் எடுத்து எதிர்க் கேள்வியும் கேட்கலாம்.

இந்த முறையைக் கைக்கொள்ள நினைக்கும் இதழியல் ஆசிரியருக்குச் சில நடைமுறை. ஒரு கடிதத்துக்குச் செய்தி அறையில் எடுத்த ஒரு முடிவு போதும். 600 முதல் 900 சொல். முடிவெடுத்த மணியை எழுதுங்கள்: பக்கம் எத்தனை மணிக்கு மூடும், அப்போது மணி என்ன. அந்த நேரத்தில் தெரிந்திருந்ததை மட்டும் முதலில் வையுங்கள். பிறகு தெரிய வந்ததைத் தனிப் பத்தியில். பெரும்பாலான கடிதங்கள் கெடுவது இங்கேதான்: விளைவு தெரிந்தபின் எழுதுவதால், அன்றைய குழப்பம் தானாகவே தெளிவாகிவிடுகிறது. தவறான முடிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றுக்கு ஒன்றாவது.

எப்படிப்பட்ட முடிவு கடிதத்துக்கு உகந்தது என்பதற்கு வூவின் ஆசிரியர் காலத்திலிருந்தே ஒன்று. 1988 டிசம்பர் இறுதியில் செயின்ட் லூயிஸில் ஒரு வீடு தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் ஒருவர் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கி வந்து, நடந்தபடியே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். தொழில்முறைப் படக்காரர் அல்லாத ரான் ஓல்ஷ்வாங்கர் அதைப் படம் எடுத்தார். போஸ்ட்-டிஸ்பாட்ச் வெளியிட்டது, 1989-இல் புலிட்சர் பரிசு. குழந்தை பிழைக்கவில்லை. பரிசிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் வெளியிடத் தயங்குவதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். படம் மேசைக்கு வரும் நேரத்தில் நின்று பாருங்கள்: எடுத்தவர் பத்திரிகையின் ஆள் இல்லை, குழந்தையின் உயிர் ஊசலில், காலையில் பத்திரிகையைப் பார்க்கப்போகும் உறவினர் யார் என்று அறையில் யாருக்கும் தெரியாது. மாணவர் வாதாட வேண்டியது அந்த நேரத்தில் நின்று.

வூ கடைசிவரை ஸ்டான்ஃபோர்டில் கற்பித்தார். அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, புலிட்சர் நிறுவனம் மொத்தமும் லீ என்டர்பிரைசஸுக்கு 146 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கடிதங்களை 2007-இல் தொகுத்துப் பதிப்பித்தவர் நீமன் அணி நண்பர் ஃபிலிப் மேயர். அவரும் அதற்குள் பத்திரிகையை விட்டு வட கரோலினாவில் இதழியல் பேராசிரியர். வெளியிட்டது மிசூரி பல்கலைக்கழகப் பதிப்பகம். அது இருக்கும் ஊர் கொலம்பியா.